திரையை அணைத்துவிட்டு

ஜூன் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நம் தொண்டர் குழுவின் மின்னஞ்சலில் எழுதினால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், போனில் பேசினால் வார்த்தை தடிக்கும். அதனால்தான் தபால்.

நீங்கள் தட்டச்சு செய்த இயன்முறை மருத்துவப் பாடப்புத்தகத்தில், தோள்பட்டை அத்தியாயத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்களில் நோயாளிக்குத் தர வேண்டிய பயிற்சிகள் என்று தலைப்பு. அச்சுப் பிரதியில் இரண்டு பத்திகள். இடது பத்தியின் தலையில் பச்சை நிறச் சரிக்குறி, வலது பத்தியின் தலையில் சிவப்புத் தவறுக்குறி. இடது பக்கம் இருப்பதைச் செய்யலாம், வலது பக்கம் இருப்பதைச் செய்யவே கூடாது. பார்வை உள்ளவர்களுக்கு ஒரு பார்வையில் புரியும்.

நம்முடைய வாசகர்களுக்குப் பார்வை இல்லை அம்மா. கணினியின் குரல்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டுகிறது. நீங்களோ இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நகர்த்தி, துணிக்கடையில் அடுக்கி வைப்பதுபோல இரண்டு பத்திகளாக அடுக்கியிருக்கிறீர்கள். இரண்டு குறிகளையும் விளக்கம் எழுதாமல் வெறும் படமாகவே விட்டுவிட்டீர்கள். குரல் வரிவரியாக இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். செய்யலாம் என்பதும் கூடாது என்பதும் ஒரே பட்டியலாகக் கலந்துவிட்டன.

உங்கள் ஊர் மருத்துவமனையில் பார்வையற்ற பயிற்சிப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுப் படித்துவிட்டு, ஒரு பெரியவரின் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள் என்று குழுத் தலைவி எழுதியிருக்கிறார். அந்தப் பெண் யாருக்குக் கீழ் வேலை பார்க்கிறாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகன் உங்கள் மகளோடு உங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான்.

உங்கள் வேலையில் இது முதல் பிழை இல்லை. ஒரு சிறுமியின் படத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னால், "பாவம், இது சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ" என்று எழுதினீர்கள். முதுகெலும்பின் படத்துக்கு, "கோணலாகத் தைத்த ஜிப் மாதிரி இருக்கிறது" என்று எழுதினீர்கள். படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லாதீர்கள் என்று அப்போதே திருப்பி அனுப்பினேன். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது அப்படி இல்லை.

விசாரணை முடியும் வரை உங்களுக்குப் புதிய பக்கங்கள் வராது. தட்டச்சில் நேர்ந்த பிழை என்று மருத்துவமனைக்கு எழுதுகிறேன். உறவு வேறு, வேலை வேறு. வருத்தம் வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கடையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். படித்த கோபத்தில் ஒருவர் சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம், இடைவெளி விசையைத் தட்டினது நான்தான். குறிகளுக்கு விளக்கம் எழுதாமல் விட்டதும் நான்தான். பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரிந்ததால் எழுதத் தோன்றவில்லை. கண் இருக்கிறவள் புத்தி. அதற்கு நீங்கள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நடந்ததை முதலில் முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெண் என் கடைக்கு வந்து போகிறவள்தான். வாயாடி. "அக்கா, பாக்கெட் பெருசா வைங்க, போன், பேனா, பொய் எல்லாம் அதுலதான் வச்சுக்கணும்" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். அன்றைக்கு அவள் கையைத் தூக்கியதும் அந்தப் பெரியவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்ததாம். உள்ளே போட்ட தையல் விட்டுப்போயிருக்குமோ என்று டாக்டர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"புத்தகத்துல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று அழுதிருக்கிறாள். நிர்வாகத்தில் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தாராம். பார்த்தாராம், கவனியுங்கள். "பச்சை, சிவப்புன்னு இவ்ளோ தெளிவா போட்டிருக்கே, இதுல என்ன குழப்பம்? கண்ணு தெரியாதவங்கள நோயாளிகிட்ட விட்டா இப்படித்தான்" என்றாராம். இப்போது அவள் வேலை மட்டும் இல்லை, அவளுக்குப் பின்னால் வரப்போகிற பார்வையில்லாத பிள்ளைகள் எல்லோருடைய வேலையும் போகப் பார்க்கிறது.

நிர்வாகத்தோடு மாப்பிள்ளை மல்லுக்கு நின்றிருக்கிறார். நிர்வாகம் கடைசியாகச் சொன்னது இதுதான்: புத்தகத்தைத் தயாரித்தவர்களே குறை எங்கள் மேல்தான் என்று எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நம் குழுவில் எந்தப் புத்தகமும் வெளியே போவதற்கு முன்னால் கடைசியாக ஒருவர் திரையை அணைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை காதால் கேட்க வேண்டும். அந்த விதியை எழுதியவரே நீங்கள். ஒரு கால்புள்ளிக்காக என்னுடைய அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். உங்களுக்குக் குழுவில் சிவப்பு மசி என்று பட்டப்பெயர் வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்த அட்டவணைப் பக்கத்தில் மட்டும் என்ன எழுதியிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மிக நேர்த்தி" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் என்னைப் பாராட்டிய ஒரே பக்கம் அது. நான் அதை என் மகளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நேற்று மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, திரையை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கேட்டேன். தலைப்பைப் படித்தது. பிறகு "படம், படம்" என்றது. பிறகு "விரல்களை மடக்கி விரித்தல், கையைத் தலைக்கு மேல் உயர்த்துதல், முழங்கையை நீட்டி மடக்குதல், கையை முதுகுக்குப் பின்னால் முறுக்குதல்" என்று கடகடவென்று ஒப்பித்தது. ஒரு தையல்காரிக்கே புரிகிறது. மாப்பிள்ளை எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது அவர் சொன்னது என்ன தெரியுமா? "எங்கப்பா கேட்டு முடிச்ச புத்தகம்மா. தைரியமா படி."

நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்டீர்களா?

ஊசி
(குழுவில் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள், அப்படியே கையெழுத்துப் போடுகிறேன்)


ஜூன் 15

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்தப் புத்தகத்தை நான் முழுதும் சரிபார்த்தேன். ஒரே நேரத்தில் கையில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று தெரியுமா உங்களுக்கு? பள்ளி திறக்கிற சமயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம் வேண்டும், எல்லாம் உடனே வேண்டும். வருகிற தொண்டர்களில் பாதிப் பேர் ஆர்வக் கோளாறு, மீதிப் பேர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள். அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். எங்கே கவனம் வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மருத்துவமனைக்கு எழுதிவிட்டேன். தட்டச்சுப் பிழை என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன வேண்டும் அவர்களுக்கு?

உங்கள் கடிதத்தில் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று நாலு வரிக்கு ஒருமுறை வருகிறது. சந்தோஷம். பெண் பார்க்கிற நாளில், "கண்ணு தெரியாத பையனுக்கு என் பொண்ணக் கட்டி வச்சா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்" என்று உள்ளறையில் நீங்கள் பேசியது முன்னறை வரைக்கும் எனக்குக் கேட்டது. இன்றைக்கு அவனை என் வீட்டிலிருந்து பிரித்து உங்கள் மாடியில் வைத்துக்கொண்டு, அப்பன் மேல் குறை சொல்லவும் பழக்கிவிட்டீர்கள்.

போனில் கூப்பிட வேண்டாம். இரண்டு தடவை மகளை விட்டுக் கூப்பிட வைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? அன்றைக்கு மாடிக்குப் போன பிறகு என்ன செய்தான்? எதையும் விடாமல் எழுதுங்கள்.

சம்பந்தி


ஜூன் 21

சம்பந்தி அவர்களுக்கு,

உள்ளறையில் பேசியது உண்மை. பேசிய வாய்க்காக நான் அன்றிலிருந்து எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க அத்தை, ஊரு என்ன சொன்னாலும் எனக்கு அது மூஞ்சி தெரியப் போறதில்ல" என்றார். அவரே மன்னித்ததை நீங்கள் இன்னும் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். அவரை நான் பிரித்து எடுத்து வரவில்லை. வேலை இந்த ஊரில் கிடைத்தது, அதனால் வந்தார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவையும் கோபம்தான் வந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. நான் கேட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கால்புள்ளியைக்கூட விடாத மனிதர் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்குத் தையல் ஓடவில்லை. பிப்ரவரியில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கினீர்களே, அதை யோசித்துப் பார்த்தேன். குக்கர் உங்கள் முதுகுக்குப் பின்னால் விசிலடித்து நான் திடுக்கிட்டுத் திரும்பினேன், நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாசல் மணி அடித்தபோது பக்கத்தில் இருந்தும் எழுந்திருக்கவில்லை. மரியாதை எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாராயிற்றே என்று நானும் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். என்னோடும் என் மகளோடும் பேசும்போது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னீர்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் எது சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா"தான்.

ஒருநாள் காலையில் அவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு தனியா ஒரு சிகிச்சை நிலையம் வைக்கலாம்னு இருக்கேன். பயமாவும் இருக்கு. நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள், "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அன்றைக்கு மாடிக்குப் போய் என்ன செய்தார் என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாராம். "அப்பாவுக்கு என் மேல கோவம். நான் வீட்ட விட்டு வந்ததுல இருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல, கேட்டா பதில் சொல்றதில்ல. இப்ப புத்தகத்து மேலயும் அக்கறை போச்சு" என்று சொன்னாராம். நீங்கள் விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

அண்ணா, நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. உங்களுக்குக் காது கேட்கிறதா?


ஜூன் 26

அம்மா,

கடிதம் கிடைத்தது. என் உடம்பைப் பற்றி விசாரிக்க உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. துணிக்கு அளவெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 2

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் நல்ல பிள்ளையாக அடங்கியிருந்தால் என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கேட்ட கேள்வியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. என் மகளிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொல்வதென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சும்மா இருப்பதால் யார் தலை உருளுகிறது என்று தெரிந்துகொண்டு சும்மா இருங்கள்.

பெரியவருக்கு உள்தையல் விடவில்லையாம். மறுபடி அறுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தமட்டில் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண்ணின் விவகாரத்தை இந்த மாதம் பதினான்காம் தேதி மருத்துவமனையில் கூடித் தீர்மானிக்கப் போகிறார்கள். உங்கள் தட்டச்சுப் பிழைக் கடிதத்தை நிர்வாகம் ஒதுக்கி வைத்துவிட்டது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "முதல் பக்கத்துல காதால் முழுதும் சரிபார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. அப்படிக் கேட்டவருக்குத் தப்பாப் படலன்னா, புத்தகம் சரியாத்தான் இருந்திருக்கணும், பொண்ணுதான் ஒழுங்காக் கேக்கல" என்கிறார்கள். உங்கள் அந்த ஒரு வரிதான் அவள் கழுத்தில் கிடக்கிறது.

நேற்று கடைக்கு வந்தாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவள் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. நான்தான் தட்டச்சு செய்தவள் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. "அக்கா, எங்களுக்காகத்தான இவ்ளோ பேரு உக்காந்து செய்றீங்க. வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தர்கிட்ட குடுத்து, இது உனக்குப் புரியுதான்னு ஏன் யாருமே கேக்கறதில்ல?" என்றாள். உங்கள் விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன ஞாயிறு மாப்பிள்ளை உங்களைப் போனில் கூப்பிட்டாரே. அவருக்கு மட்டும் எடுத்தீர்கள். நீங்கள் பாட்டுக்கு வானிலை, விலைவாசி என்று ஒரே மூச்சில் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "நான் சொல்றது எதுவுமே அவருக்குப் போய்ச் சேரலன்னு தோணுது அத்தை" என்றார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது அண்ணா. கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எத்தனை நாள் கடித்துக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்,
ஊசி


ஜூலை 8

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது எப்படி இருந்தாலும் தபாலில் சேர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கேட்கவில்லை அம்மா. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது போய்க்கொண்டிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் சத்தம் முன்னறை வரைக்கும் வந்தது, அப்போது காது நன்றாக இருந்தது. அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது இது.

முதலில் போனது கணினியின் குரல்தான். மனிதக் குரலை வாயசைவைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்ளலாம். அதற்கு வாய் கிடையாதே. ஒலியை முழுதாக ஏற்றி வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, அவர் ஜன்னலில் வந்து கையாட்டிய பிறகுதான் தெரிந்தது. குரல் படிக்கப் படிக்கத் திரையில் அந்தந்தச் சொல் மஞ்சளாக ஒளிரும் இல்லையா, அதைக் கண்ணால் தொடர ஆரம்பித்தேன். முப்பது வருடம் கண்ணால் பிழை பிடித்தவன், கண்ணே போதும் என்று நினைத்துக்கொண்டேன். உன் அட்டவணை கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. மிக நேர்த்தி என்று எழுதினேன். பிறகு முதல் பக்கத்தில், காதால் முழுதும் சரிபார்க்கப்பட்டது என்றும் எழுதினேன். அந்தப் புத்தகத்தில் இருக்கிற பெரிய பொய் உன்னுடையது இல்லை, என்னுடையது.

விலகியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எப்படி விலகுவேன்? காது போய்விட்டது என்று குழுவுக்குச் சொன்னால் அன்றைக்கே அது அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் பிறந்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது குரல்தான். மற்ற அப்பன்கள் முறைத்தால் பிள்ளை அடங்கும், சிரித்தால் ஓடி வரும். என் முகத்தால் அவனுக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. அவன் அம்மா போன பிறகு நான் வீட்டுக்குள் எப்போதும் எதையாவது பேசிக்கொண்டே நடப்பேன், அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவனும் அப்படித்தான், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருமுனையிலிருந்தே ஆரம்பித்துவிடுவான். அவனுக்குக் கண் இல்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசியே சமாளித்தோம். இப்போது எனக்குக் காதும் இல்லையென்றால் எங்களுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

உங்கள் வாயைப் பார்த்துப் பதில் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். கெட்டிக்காரி. அவனிடம் மட்டும் ஏன் முடியவில்லை என்று யோசித்தாயா? அவன் பேசும்போது முகத்தை என் பக்கம் திருப்பமாட்டான். காதைத்தான் திருப்புவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அவனுக்குப் பார்ப்பது என்றால் அதுதானே. பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினாலும் எனக்குத் தெரிவது அவன் கன்னமும் காதும்தான். உதடு தெரியாது. இந்த உலகத்திலேயே நான் பேச்சைப் பிடிக்க முடியாத ஒரே ஆள் என் பிள்ளைதான். அதனால்தான் எல்லாவற்றுக்கும் சரிப்பா சொன்னேன்.

சிகிச்சை நிலையம் வைக்கலாமா என்று அவன் என்னிடம் கேட்டான் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னதும் அப்படித்தான். அந்த வரியைப் படித்துவிட்டு நான் உனக்கு எழுதிய பதிலை நினைத்தால் கூசுகிறது. மன்னித்துவிடு.

காதுக்கு ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறேன். இடது காதுக்குக் கொஞ்சம் உதவும் என்று டாக்டர் சொன்னார். போட்டால் அது அவ்வப்போது கீச்சென்று கத்துமாம். அவன் காதுக்கு அது தப்புமா? அதனால் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

இத்தோடு இரண்டு விஷயங்கள் அனுப்புகிறேன். ஒன்று, மருத்துவமனைக்குக் கடிதம். நான் அந்தப் புத்தகத்தைக் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய்யாக எழுதினேன், அந்தப் பெண் புத்தகம் சொன்னதைச் சரியாகத்தான் செய்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயே கையில் கொண்டுபோய்க் கொடு. குழுத் தலைவிக்கும் பிரதி போயிருக்கிறது. இனிமேல் கடைசிச் சரிபார்ப்பு நான் இல்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. அவளுக்கு மனமிருந்தால் அந்த இடத்தில் அவளையே உட்கார வைக்கச் சொல்லித் தலைவிக்கு எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு பென் டிரைவ். அதில் அவனுக்கு நான் எழுதிய கடிதம் இருக்கிறது. நேரில் சொல்ல முடியாது. நான் சொல்லிவிடுவேன், அவன் பதிலுக்கு என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் கணினியின் குரல் அவனுக்குப் படித்துக் காட்டட்டும். அது அவனிடம் போவதற்கு முன்னால், நீ திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேள். என்னால் முடியாது. எங்கேயாவது இடறினால் திருத்திவிடு.

அண்ணன்


ஜூலை 16

அண்ணாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் கடிதத்தை நிர்வாகத்திடம் கையில் கொடுத்தேன். கூட்டத்துக்கு மாப்பிள்ளை கணினியைத் தூக்கிக்கொண்டு போய், திரையை மூடிவிட்டு அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். கேட்டு முடித்ததும், பச்சை சிவப்பு என்று பேசிய மனிதர் தண்ணீர் குடித்தாராம். அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் தனியாக நோயாளியைத் தொடக்கூடாதாம், மேற்பார்வையில்தானாம். அவளுக்கு அதில் வருத்தம்தான். "தப்பு பண்ணினவங்க வீட்ல இருக்காங்க, காவல் எனக்கா?" என்று கேட்டாள். கேட்க வேண்டியதுதான். கடைசிச் சரிபார்ப்பு வேலைக்கு வருகிறாயா என்றதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வந்தால் நம் இரண்டு பேர் தோலையும் உரித்துவிடுவாள், தயாராக இருங்கள்.

இனி உங்கள் பென் டிரைவ். கடையை அடைத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டேன். பாதியில் நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில், அவருடைய அம்மா போனதைச் சொல்லி முடித்த பிறகு, கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு வரி முழுக்க நட்சத்திரக் குறியாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குரல் நிறுத்தி நிதானமாக "நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்" என்று வரி முடிகிற வரை சொல்லித் தீர்த்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அச்சகப் புத்தி போகாது உங்களுக்கு. அதை எடுத்துவிட்டேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. மேலே, "காதால் முழுதும் சரிபார்த்தவர்: ஊசி" என்று எழுதி, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

அவர் மாடியில் தனியாக உட்கார்ந்து கேட்டார். நானும் மகளும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் மறுபடி போட்டார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து, படியில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "கோவம்னு நெனச்சேன் அத்தை. இத்தன நாளா கோவம்னு நெனச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் மேல் கோபமும் இல்லாமல் இல்லை, மறைத்துவிட்டீர்கள் என்று. அதை நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இழுப்பறைக் கருவியை இன்றைக்கே எடுத்துப் போட வேண்டுமாம், கீச்சென்று கத்தினால் அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வசதியாக இருக்கும் என்கிறார்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே கீழே வந்து என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அத்தை, நீங்க அப்பா மாதிரி உக்காருங்க. நான் பேசறேன். என் வாய் உங்களுக்கு நேரா தெரியுதான்னு சொல்லுங்க" என்றார். பேச ஆரம்பித்ததும் நீங்கள் சொன்ன மாதிரியே காது முன்னால் வந்துவிடும், முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாப்பிள்ளை, மோவாயத் தூக்குங்க" என்று நான் சொல்லச் சொல்லத் திருப்புவார். நாலு வார்த்தை பேசுவதற்குள் மறுபடி போய்விடும். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கழுத்து வலிக்கிறது என்கிறார். ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டால் திசை தப்பாமல் இருக்கிறது என்று நேற்றுக் கண்டுபிடித்தார். நேற்று மாலை ஒரு முழுப் பேச்சையும் முகத்தைத் திருப்பாமல் பேசிவிட்டார். என்ன பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். தனியாக ஒரு சிகிச்சை நிலையம் வைப்பதைப் பற்றி உங்களிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.

ஞாயிறு காலை வண்டியில் மூன்று பேரும் வருகிறோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு வையுங்கள். வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற மாதிரி இருக்கட்டும்.

தங்கச்சி